முட்டை பூசிய சுவரும் காகிதம் ஒட்டிய சுவரும்

காரைக்குடிப் பக்கம் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தவர்களைக் கேட்டால் முதலில் தேக்குத் தூணைச் சொல்வார்கள். அடுத்து ஆத்தங்குடிக் கல். மூன்றாவது சாப்பாடு. (சிலருக்கு வரிசை தலைகீழாக இருக்கும்!) சுவரைப் பற்றிச் சொல்பவர்கள் குறைவு. ஆனால் கையால் தடவிப் பார்த்தவர்கள் மட்டும் மறக்க மாட்டார்கள். பெயிண்ட் கிடையாது, டைல்ஸ் கிடையாது, காகிதம் கிடையாது. இருந்தும் சுவர் பளிங்கு போல வழுவழுவென்று இருக்கும். வெளியே 40 டிகிரி வெயில் அடிக்கும்போது கூட உள்ளங்கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும்.

இன்றைக்கு வீட்டுச் சுவரை அழகாக்க வேண்டும் என்றால் மதுரைக்கோ திருச்சிக்கோ போய் வால்பேப்பர் சுருள் வாங்கி வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை தாங்களே ஒட்டிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையான சாமான்களும் அதிகமில்லை. பசை, பசை தடவ ஒரு அகலமான பிரஷ், நீளமான மேஜை, கத்தரிக்கோல், பிளேடு கத்தி, அளவு நாடா, தூக்குக்குண்டு, காற்றுக் குமிழை வெளியே தள்ள ஒரு தட்டையான தகடு, இரண்டு காகிதம் சேரும் இடத்தை அழுத்த ஒரு சின்ன உருளை. அவ்வளவுதான். ஆனால் செட்டிநாட்டில் எந்தச் சுவரில் அதை ஒட்டப் போகிறோம் என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் தெரிய வேண்டுமானால் இரண்டு சுவர்களின் வரலாற்றையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

முதலில் காகிதச் சுவர். இங்கிலாந்தில் கிடைத்திருக்கும் மிகப் பழைய சுவர்க் காகிதத் துண்டு கேம்பிரிட்ஜில் உள்ள கிறைஸ்ட்ஸ் கல்லூரியில் 1911-ல் அகப்பட்டது. அது 1509-ம் ஆண்டைச் சேர்ந்தது. எட்டாம் ஹென்றி காலத்து அரசு அறிவிப்பு ஒன்றின் பின்பக்கத்தில் அச்சடித்திருந்தார்கள்! வீணான காகிதத்தைக் கூட விடவில்லை. பணக்காரர்கள் சுவரில் துணித் திரையும் தோலும் மாட்டிக்கொண்டிருந்த காலத்தில், அவ்வளவு வசதி இல்லாதவர்களுக்கு வந்த மாற்று ஏற்பாடுதான் இந்தக் காகிதம்.

இது பரவ ஆரம்பித்ததும் அரசாங்கத்தின் கண் பட்டது. 1712-ல் இங்கிலாந்தில் அச்சடித்த சுவர்க் காகிதத்துக்கு வரி போட்டார்கள். மக்கள் சும்மா இருப்பார்களா? வெள்ளைக் காகிதத்தை வாங்கி ஒட்டிவிட்டு, அதன் மேல் அச்சு வைத்துத் தாங்களே பூ வரைந்துகொண்டார்கள். 1806-ல் வரி முத்திரையைப் போலியாகப் போடுவது மரண தண்டனைக்குரிய குற்றமாகவே ஆக்கப்பட்டது. சுவரில் ஒட்டும் காகிதத்துக்காகத் தூக்கு! 1836-ல்தான் அந்த வரி ஒழிந்தது. 1839-ல் டார்வென் ஊரைச் சேர்ந்த பாட்டர் நிறுவனத்தார் இயந்திர உருளை வைத்துக் காகிதம் அச்சடிக்கத் தொடங்கினார்கள். 1834-ல் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் சுருள் உற்பத்தியான நாட்டில், 1860-ல் அது 90 லட்சத்தை நெருங்கிவிட்டது. தொழிலாளி வீட்டுச் சுவரிலும் பூ பூத்தது.

அப்படியானால் 19-ம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து எதை எதையோ கப்பலில் இறக்கிய நம் ஊர்க்காரர்கள் சுவர்க் காகிதத்தை மட்டும் ஏன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை? காரணம் ரசனை அல்ல, பசை. அந்தக் காலத்துப் பசை மாவில் காய்ச்சியது. சுவர் முழுக்க மாவைத் தடவி மேலே காகிதத்தை மூடினால் நம் ஊர்க் கரையானுக்கும் ராமபாணப் பூச்சிக்கும் கல்யாண விருந்துதான். போதாததற்கு மழைக்காலத்தில் ஈரம் ஏறிப் பசை இளகும். சினிமா போஸ்டர் ஒட்டுபவர்களும் புத்தகம் பைண்டிங் செய்பவர்களும் மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பது எதற்கு என்று நினைக்கிறீர்கள்? பூச்சி அண்டக்கூடாது என்றுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. காகிதம் ஒட்டித்தான் சுவரை அழகாக்க வேண்டும் என்ற அவசியமே இங்கே இல்லை. அதைவிடப் பல மடங்கு நல்ல சரக்கு தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருந்தது.

சுண்ணாம்பு.

சென்னைக்கு வந்த கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இங்கே கண்டு வியந்த பொருள்களில் இதுவும் ஒன்று. கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பைப் பூசித் தேய்த்தால் சுவர் சலவைக்கல் போல ஆகிவிடுகிறது என்று எழுதினார்கள். 'சுண்ணம்' என்ற நம் சொல் 'சுனாம்' என்று ஆங்கிலத்துக்குள்ளேயே போய்விட்டது. 1886-ல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் அதைப் பார்க்கலாம். அதற்கும் முன்பே, 1730-களின் தொடக்கத்தில், செயின்ட் ஹெலினா தீவின் கவர்னராக இருந்த ஐசக் பைக் என்பவர் சென்னையில் சாந்து தயாரிக்கும் முறையை விவரமாக எழுதி, அது லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அச்சானது. வெல்லம் கரைத்த நீர், கடுக்காய் ஊறல், வேகவைத்த தானியத்தின் சாறு, முட்டை வெள்ளைக்கரு, வெண்ணெய் எல்லாம் அந்தச் செய்முறையில் வருகின்றன. படித்தால் கட்டடக் குறிப்பா சமையல் குறிப்பா என்று சந்தேகமே வரும்! அறிவியல் கழகத்தின் இதழில் இடம் பிடிக்கும் அளவுக்கு நம் ஊர்க் கொத்தனார்களின் கைவேலை இருந்திருக்கிறது. அவர்களில் ஒருவர் பெயர் கூட அதில் கிடையாது என்பது வேறு விஷயம்.

ஆக, முட்டைப் பூச்சு என்பது செட்டிநாட்டில் மட்டும் பிறந்ததல்ல. தமிழ்நாட்டுக் கொத்தனார்களிடம் பொதுவாக இருந்த வித்தை அது. செட்டிநாட்டில் நடந்தது என்னவென்றால், அந்த வித்தைக்கு வேண்டிய பணமும் பொறுமையும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன.

பணம் வந்த வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். நாட்டுக்கோட்டை நகரத்தார் இலங்கை, பர்மா, மலேயா என்று கடல் கடந்து கொடுக்கல் வாங்கல் தொழில் செய்தார்கள். 1929-30-ல் நடந்த பர்மா வங்கி விசாரணைக் குழுவின் கணக்குப்படி பர்மாவில் மட்டும் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. தொழிலில் புழங்கிய முதல் சுமார் 75 கோடி ரூபாய். அந்தக் காலத்து 75 கோடி! ஆண்கள் வருடக் கணக்கில் ரங்கூனிலும் மற்ற ஊர்களிலும் கிடந்து சம்பாதித்ததை, தண்ணீர் கூடக் குறைவாகக் கிடைக்கும் இந்த வறண்ட பூமிக்குக் கொண்டுவந்து வீடாகக் கட்டினார்கள். 19-ம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940-கள் வரை இந்த வீடு கட்டும் வேகம் ஓயவில்லை. பர்மாவிலிருந்து தேக்கு, இத்தாலியிலிருந்து சலவைக்கல், பெல்ஜியத்திலிருந்து கண்ணாடி, பிறகு ஜப்பானிலிருந்து பூப்போட்ட பீங்கான் ஓடுகள். கானாடுகாத்தான் அரண்மனையும் காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீடும் இந்தக் காலத்துக்குள் அடங்குபவைதான்.

இறக்குமதிச் சாமான்களைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். சுவருக்கு உள்ளூர்ச் சரக்குதான் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

சரி, அந்தச் சுவர் எப்படி உருவானது?

சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் போட்டுச் சுடுவார்கள். சுமார் 900 டிகிரி சூட்டில் கரியமில வாயு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதில் தண்ணீர் ஊற்றினால் புஸ்ஸென்று கொதித்து நீறும். நீறிய சுண்ணாம்பைத் தண்ணீருக்குள் நாள் கணக்கில் ஊறவிடுவார்கள். எவ்வளவு ஊறுகிறதோ அவ்வளவு நல்லது. பிறகு சலித்த மணலைச் சேர்த்துச் செக்கில் அரைப்பார்கள். வட்டமாகக் கட்டிய பள்ளத்தில் கல் சக்கரம் சுற்றும், மாடு இழுக்கும். கடுக்காய் ஊறலும் வெல்லத் தண்ணீரும் இங்கே சேரும். இரண்டும் சாந்தை வசப்படுத்தும். வெல்லம் அது சீக்கிரம் இறுகிவிடாமல் பார்த்துக்கொள்ளும். கொத்தனாருக்குக் கையில் நேரம் கிடைக்கும்.

முதல் பூச்சு முரடானது. செங்கல்லின் மேடு பள்ளத்தை நிரப்புவதுதான் அதன் வேலை. தூக்குக்குண்டு விட்டு, நூல் பிடித்து, மட்டப்பலகையால் இழுத்துச் சமன் செய்வார்கள். அது காய்ந்த பிறகு இன்னும் மெல்லிய பூச்சு. ஒவ்வொரு அடுக்கிலும் மணல் பொடியாகிக்கொண்டே வரும், சுண்ணாம்பின் பங்கு கூடிக்கொண்டே போகும். கடைசி அடுக்குக்கு வரும்போது மணலே கிடையாது என்று சொல்லலாம். நன்றாக வெளுத்த சுண்ணாம்பை அம்மியிலோ ஆட்டுக்கல்லிலோ வெண்ணெய்ப் பதத்துக்கு அரைத்து எடுப்பார்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்வது இங்கேதான்.

"முட்டை ஊற்றிக் கட்டிய வீடு" என்று சொல்லக் கேட்டு, சுவர் முழுவதும் முட்டை என்று நினைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். லட்சக்கணக்கில் கணக்கு வேறு சொல்வார்கள். அப்படியெல்லாம் இல்லை. முட்டை வருவது தோல் போல மேலே இருக்கும் மெல்லிய கடைசிப் பூச்சில்தான். சுவரைத் தாங்குவது முட்டை அல்ல. பூச்சை இறுக்கிப் பிடித்து, மினுமினுப்புக் கொடுத்து, தண்ணீரை ஓரளவு தள்ளி நிறுத்துவது அதன் வேலை. வெள்ளைக்கருவில் உள்ள புரதம் சுண்ணாம்போடு சேர்ந்து செய்யும் வேலை அது.

உண்மையான கஷ்டம் பூசிய பிறகுதான் ஆரம்பம். பூச்சு முழுவதும் காய்வதற்குள் சின்னக் கரண்டியாலும் வழவழப்பான கல்லாலும் விடாமல் தேய்க்க வேண்டும். நடுவில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால் அந்த இடத்தில் கோடு விழும். அந்தக் கோட்டைப் பிறகு மறைக்கவே முடியாது. அதனால் ஒரு சுவரைத் தொட்டால் பலர் வரிசையாக நின்று ஒரே மூச்சில் முடித்தாக வேண்டும். தேய்க்கத் தேய்க்கச் சுவர் வியர்க்கும். ஆமாம், உள்ளே இருக்கும் ஈரம் முத்து முத்தாக மேலே வரும். மெல்லிய துணியால் ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி தேய்ப்பார்கள். மாக்கல்லைப் பொடித்து மெல்லிய துணியில் முடிந்து சுவரில் தட்டிவிட்டுத் தேய்ப்பதும் உண்டு. நம் வீட்டுக் கல்சட்டி செய்யும் அதே கல்தான்! பூச்சு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு, காளவாய்க்குப் போவதற்கு முன் எப்படி இருந்ததோ அப்படியே மறுபடி சுண்ணாம்புக் கல்லாக மாறிவிடும். சுவர் மேல் இருப்பது பூச்சு என்பதை விட, காகிதம் போல மெல்லிய ஒரு கல் என்பதே சரி.

இப்போது வால்பேப்பர் ஒட்டும் சாமான்களை நினைத்துப் பாருங்கள். தூக்குக்குண்டு அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு. இணைப்புக் கோடு தெரியக்கூடாது என்ற கவலை இரண்டு பேருக்கும் பொது. வித்தியாசம் ஒன்றுதான். காகிதத்தைத் தனி ஆள் ஒருவர் புத்தகத்தில் படித்துவிட்டு ஒட்டலாம். சுண்ணாம்புப் பூச்சைப் படித்துவிட்டுச் செய்ய முடியாது. பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டால்தான் உண்டு.

அப்படியானால் தமிழ்நாட்டில் தன் சுவரைத் தானே அழகாக்கிக்கொள்ளும் வழக்கமே இல்லையா? இருந்தது. பொங்கலுக்கு வெள்ளையடிப்பதுதான் அது. பெரிய வீட்டுக்குக் கொத்தனார் என்றால் சின்ன வீட்டுக்கு வீட்டுக்காரர்களே. சுண்ணாம்பு வாங்கிப் பானையில் நீற்றி, வடிகட்டி, கொஞ்சம் நீலம் கலந்துகொள்வார்கள். பிரஷ் கடையில் வாங்குவதில்லை. தென்னை மட்டையின் நுனியையோ தாழை விழுதையோ நசுக்கி நாராக்கினால் அதுவே பிரஷ். வருடா வருடம் ஒரு பூச்சு. சுவருக்குப் புது உடை, பூச்சி பொட்டுகளுக்கும் மருந்து. செலவும் குறைவு. மாளிகைச் சுவரில் இருந்ததும் குடிசைச் சுவரில் இருந்ததும் ஒரே பொருள்தான். முன்னதில் தேய்ப்பும் முட்டையும் ஆள் கூலியும் அதிகம், அவ்வளவே.

இந்தத் தொழில் தேய்ந்த கதைக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒன்று, பணம் நின்றது. 1930-களின் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது. கடனைத் திருப்ப முடியாத பர்மா விவசாயிகளின் நிலங்கள் செட்டியார்கள் கைக்கு வந்தன. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீத நிலம் அவர்களிடம் இருந்தது. 1938-ல் அது 25 சதவீதம். ரொக்கம் போய் நிலம் வந்தது. அந்த மக்களின் கோபமும் கூடவே வந்தது. (நிலத்தை இழந்தவர்களின் கண்ணீரும் இந்த மாளிகைகளின் கணக்கில் இருக்கிறது என்பதைச் சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வதில்லை.) 1941-42-ல் ஜப்பான் படை நுழைந்தபோது இந்தியர்கள் லட்சக்கணக்கில் ஓடிவந்தார்கள். 1948-ல் பர்மா விடுதலை அடைந்து நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. 1962-ல் ராணுவ ஆட்சி வந்த பிறகு மிச்சம் மீதியும் போயிற்று.

இன்னொன்று, சிமெண்ட். 1904-லேயே சென்னையில் கடல் கிளிஞ்சலை வைத்துச் சிமெண்ட் செய்து பார்த்தார்கள், தொழில் நிலைக்கவில்லை. 1939-ல் திருச்சிப் பக்கம் டால்மியாபுரத்தில் ஆலை வந்தது. சுண்ணாம்பு நாள் கணக்கில் கேட்கும் வேலையைச் சிமெண்ட் மணிக் கணக்கில் முடித்தது. செக்கும் வேண்டாம், கடுக்காயும் வேண்டாம். கொத்தனார் பிள்ளைகள் சுண்ணாம்பைக் கற்றுக்கொள்ள ஒரு காரணமும் இல்லாமல் போயிற்று. அவர்களைக் குறை சொல்வதில் நியாயமில்லை. கூப்பிட்டு வேலை கொடுக்க ஆளில்லாத தொழிலை யார் கற்பார்கள்?

வீடுகள் மட்டும் நின்றன. ஒரே வீட்டுக்குப் பத்து இருபது பங்காளிகள். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். ஓடு மாற்றக் கூட எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துவராத வீடுகள் தூண் தூணாக, கதவு கதவாகப் பிரிந்து காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போயின. தேக்கைக் கழற்றி விற்கலாம், ஜப்பான் ஓட்டைப் பெயர்த்து விற்கலாம். சுவர்ப் பூச்சை மட்டும் விற்க முடியாது. வீட்டோடு பிறந்தது வீட்டோடுதான் சாகும்.

2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் இடம்பெற்றன. சில வீடுகள் ஹோட்டல்களாகப் பிழைத்துக்கொண்டன. அங்கே பழுதுபார்க்க வந்ததால் சுண்ணாம்பு வேலை தெரிந்த கைகளுக்கு மறுபடி கூப்பாடு வந்தது. கடைசிப் பூச்சை ஆட்டுக்கல்லுக்குப் பதில் மாவு கிரைண்டரில் அரைக்கும் கொத்தனார்கள் இருக்கிறார்கள். தப்பில்லை, சுண்ணாம்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். இப்படிப்பட்ட சுவரில் வால்பேப்பர் ஒட்டினால் என்ன ஆகும்? சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும் சுவர். தரையிலிருந்து ஏறும் ஈரமும் மழையில் உறிஞ்சிய ஈரமும் அதன் வழியாக வெளியே போய்க்கொண்டே இருக்கும். இன்றைய வால்பேப்பர்களில் பெரும்பாலானவற்றின் மேல் பிளாஸ்டிக் படலம் உண்டு. பிளாஸ்டிக் பெயிண்டும் அதே ரகம்தான். மூடிவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கும். உப்புப் பூக்கும், பூச்சு பொரிந்து வரும், பின்னால் பூஞ்சை படரும். அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. தேய்த்து வழவழப்பாக்கிய சுவரில் பசையோ சிமெண்டோ சரியாகப் பிடிக்காது. பிடிக்க வைக்க என்ன செய்வார்கள்? கொத்தி விடுவார்கள். உளியால் அம்மை வார்த்த மாதிரி சுவர் முழுக்கக் குழி. பலர் சேர்ந்து மூச்சுப் பிடித்துத் தேய்த்த சுவரைக் கெடுக்க ஒரு ஆளும் ஒரு பகல் பொழுதும் போதும்.

காகிதத்தின் மேல் ஆசை இருந்தால் சிமெண்ட் பூசிக் காய்ந்த புது வீட்டுச் சுவரில் தாராளமாக ஒட்டலாம். வழக்கமான சுருள் 53 சென்டிமீட்டர் அகலம், 10 மீட்டர் நீளம், அதாவது சுமார் 57 சதுர அடி. பூப் பொருத்தம் பார்த்து வெட்டும்போது வீணாவதற்கு ஒரு சுருள் கூடுதலாக வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் காகிதத்தை மூலையை நம்பி ஒட்டக்கூடாது, தூக்குக்குண்டு விட்டுக் கோடு போட்டு ஒட்ட வேண்டும். எந்த வீட்டு மூலையும் நேராக இருக்காது.

பழைய சுண்ணாம்புச் சுவர் வைத்திருப்பவர்கள் அழுக்கை ஈரத்துணியால் மெல்லத் துடைத்தால் போதும். உதிர்ந்த இடத்தில் சிமெண்ட் வைத்து அடைக்காமல் சுண்ணாம்புச் சாந்தாலேயே அடைக்க வேண்டும். சிமெண்ட் கடினமாக இறுகி நிற்க, சுற்றியுள்ள சுண்ணாம்பு அதிலிருந்து விலகி இன்னும் உதிரும். புதிதாக அடைத்த இடம் கொஞ்ச காலம் தனி நிறமாகத் திட்டுப் போலத் தெரியத்தான் செய்யும். நல்ல கொத்தனார் அதை மறைக்கிறேன் என்று வெள்ளை பெயிண்டைத் தேடிப் போக மாட்டார்.

இடிந்துகொண்டிருக்கும் வீடுகளில் வாசல் நிலையைப் பெயர்த்த இடத்தைப் பார்த்தால் சுவரின் குறுக்குவெட்டு தெரியும். உள்ளே செங்கல், அதன் மேல் சொரசொரப்பான காரை, அதற்கு மேல் வெளுத்த பூச்சு, கடைசியாக நகக்கண் அளவுக்குக் கூட இல்லாத ஒரு வெள்ளைக் கோடு. முட்டை சேர்ந்தது அந்தக் கோட்டில்தான்.